மாவு வாங்குவதாகச் சொன்ன வீடுகள்

நவம்பர் 3, திங்கள்
காந்தி பஜார் பக்கம் அறுபது வீடு ஏறி இறங்கியாயிற்று. இட்லி மாவு பாக்கெட் போட்டால் வாங்குவீர்களா என்று கேட்டேன். ஐம்பத்திரண்டு வீட்டில் ‘வாங்குவோம்’. ஒரு வீட்டில் காபி கூடக் கொடுத்தார்கள். கடன் விண்ணப்பத்தில் ‘வாங்குவோர் எத்தனை பேர்’ என்ற பகுதி காலியாக இருந்தால் பேங்க்கில் திருப்பிவிடுவார்கள் என்று பயிற்சி மையத்து இந்துமதி மேடம் பயமுறுத்தியிருந்தார். பதினான்காம் தேதி கடைசி. இனி பயமில்லை.

நவம்பர் 4
அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: “காலனிப் பொண்ணுன்னு தெரிஞ்சா சொன்னாங்க?”
பயிற்சி மையத்திலிருந்து வருகிறேன் என்றுதான் சொன்னேன். கழுத்தில் அட்டை வேறு. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறந்தேனா, மறைத்தேனா?

நவம்பர் 6, வியாழன்
மாதிரிப் பாக்கெட்டோடு மறுபடி போனேன். லேபிளில் என் பேர் பாரதி, கீழே அம்பேத்கர் நகர் காலனி, செஞ்சி. முகவரி போட்டே ஆகணும். காபி கொடுத்த வீடுதான் முதல். அந்தம்மா லேபிளை இரண்டு தரம் படித்தார். “நாங்க வூட்லயே ஆட்டிக்கிறோம்மா.”
அவருக்குப் பின்னால் தொட்டி மேலே கடைமாவுப் பாக்கெட் வெட்டியபடி கிடக்குது. அன்னிக்கு வாங்குறேன்னு சொன்ன வாய்தானே அது? கத்தணும் போல இருந்துச்சு. ‘சரிங்கம்மா’ன்னுட்டு இறங்கினேன். அந்த சரிங்கம்மாதான் இன்னும் எரியுது.

நவம்பர் 7
ஐம்பத்திரண்டு பத்தொன்பதாயிற்று.

நவம்பர் 8, சனி
மேடத்துக்குப் போன் செய்தேன். “அம்பத்திரண்டுன்னே எழுதுங்க, எவன் வந்து எண்ணப் போறான்?” நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் மாவு விற்காமல் புளித்துப்போனால் கடனோடு நிற்கப்போவது நான்.
போட்டிக் கம்பெனி பற்றியும் எழுத வேண்டுமாம். அந்தம்மா வீட்டில் பார்த்த அதே பாக்கெட்டைக் கடையில் எடுத்துப் பார்த்தேன், திண்டிவனத்து முகவரி இருந்தது. போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

நவம்பர் 10, திங்கள்
கம்பெனிக்குள் விடவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில் தலையில் வலைத்தொப்பியோடு பெண்கள் வெளியே வந்தார்கள். நடுவில் மாரியம்மாள் அக்கா! எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. தினம் ஆறு மணி பஸ்ஸில் ஷூ கம்பெனிக்குப் போவதாகத்தான் தெருவே நம்புகிறது. விரலிடுக்கில் மாவு.
“யார்கிட்டயும் சொல்லிடாத பாரதி. செஞ்சிலதான் நெறைய விக்குது. எந்தத் தெருக்காரங்கன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. நம்ம தெரு மட்டும் நாலு பேரு இருக்கோம்.”
அப்போ அந்தம்மா வீட்டு இட்லி? சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலை கண்ணில் படும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி
விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். அக்கா விஷயத்தை எழுதவில்லை. எழுதினால் அவள் வேலை போகும். வாங்குவோர் பத்தொன்பது வீடு.
“கொஞ்சமா இருக்கேம்மா” என்றார் பேங்க் மேனேஜர்.
“பத்தொம்பதும் லேபிள் படிச்சப்புறம் சொன்னது சார்.” அவர் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

டிசம்பர் 22
பேங்க்கிலிருந்து பதில் இல்லை. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன்.

2026, பிப்ரவரி 9, திங்கள்
இருபத்துமூன்று வீடு. காபி கொடுத்த அம்மா அதில் இல்லை. ஆறு மணி பஸ் போயிற்று. மாரியம்மாள் அக்கா ஏறவில்லை. எங்கள் வீட்டில் பேங்க் கடனில் வந்த புது கிரைண்டர் பக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்கிறாள். லேபிளில் தன் பேரும் வரவேண்டுமாம்.
“அப்பிடியே தெருப் பேரையும் கொஞ்சம் பெருசா போடு.”