வல்லாரைப் பாத்தி

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரண்டு வீசுகிறது. முற்றம் முழுக்கப் புழுதி. பயற்றங்கொடி கருகிவிட்டது. கத்தரி மூன்றில் இரண்டு போச்சு. வல்லாரைப் பாத்தி மட்டும் பச்சைப்பசேல். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பென்சன் எடுத்த நாளிலிருந்து பாத்தியோரம் கதிரை போட்டு இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதை: "ஒரு பிடி உரம் போடேல்லை. தண்ணியும் ஊத்திறேல்லை. மண் அப்பிடி!"

பறிக்கப் போனால் அடியில் நத்தைகள். ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டது. சீ. மூன்று தண்ணீரில் அலசி, அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி. பச்சையாகவே சம்பல். பாதி எங்களுக்கு. பாதி கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து வீட்டு ஜெசீமா டீச்சருக்கு.

துறைமுக நாற்றம் இன்று தூக்கல். கச்சான் வீசினால் எங்கள் ஒழுங்கைக்கு இதுதான் கதி. யன்னலைச் சாத்தினேன்.

ஜூலை 11, வெள்ளி

டீச்சருக்கு வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி நேற்றுத்தான் வீட்டுக்கு விட்டார்கள். இளநீரோடு போனேன். கண் இரண்டும் குழிக்குள்.

"அந்த மீன்காரன்ட சூரைதான் தங்கச்சி. பழசை ஐஸ் போட்டு வித்திருக்கான். காலைல வாசல்ல வெச்சே நல்லா ஏச்சுக் குடுத்தன். இனி இந்த ஒழுங்கைக்குள்ள வரமாட்டான்."

"ஓம் டீச்சர், அவனில எனக்கும் எப்பவும் சந்தேகந்தான்." ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. சும்மா ஒத்து ஊதினேன்.

"உன்ட கிண்ணம் குசினிக்குள்ள கெடக்கு. ஒண்டும் வெச்சித் தர ஏலாமப் போச்சி."

கிடக்கட்டும் என்றேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். வட்டிலப்பம், மாங்காய், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனி. வெறும் பாத்திரம் திருப்பி அனுப்புவது இரண்டு வீட்டிலும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

கச்சான் விழுந்துவிட்டது. மத்தியானம் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம், கோட்டைப் பக்கமிருந்து கடற்காற்று. அப்படியென்றால் துறைமுக நாற்றம் இருக்கக் கூடாது. இருந்தது. முன்னையைவிட மோசம்.

மூக்கைப் பிடிக்காமல் அதன் பின்னாலேயே போனேன். பாத்தியில் போய் நின்றேன். காலுக்குக் கீழே சதசத. மண்வெட்டியால் ஒரு கொத்து. கறுத்த தண்ணீர், நுரை, இன்னும் எழுத விரும்பாதவை. நாலு எட்டுத் தள்ளி எங்கள் கக்கூஸ் குழி. பக்கச் சுவர் வெடித்திருக்கிறது.

முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். உரமும் இல்லை, தண்ணீரும் இல்லை, மண் அப்பிடி! எத்தனை கிழமையாக எங்கள் கழிவை நாங்களே தேசிக்காய் விட்டுத் தின்றிருக்கிறோம்.

இவரிடம் சொன்னேன். கால் நகத்தை நோண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதே விரலால் முறுக்கும் எடுத்தார். "கழுவித்தானே தின்டனாங்கள்? எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

பொய். புதன்கிழமை நாலு தரம் கக்கூசுக்கு ஓடினவர். எனக்கும் வயிறு சரியில்லை, வெக்கை என்று நினைத்தேன்.

"டீச்சருக்குச் சொல்லிப்போடாதையும். ஊர் சிரிக்கும்."

அந்தச் சேற்றைவிட இவர் அருவருப்பு. என்னை எதில் சேர்ப்பது? செவ்வாயே மணந்தது. யன்னலைச் சாத்திவிட்டுத் தேங்காய் துருவினவள் நான்.

ஜூலை 15, செவ்வாய்

- குழி இறைக்கப் பவுசர்காரனைக் கூப்பிட
- குழிக்குச் சீமெந்து
- வல்லாரையை வேரோடு கிண்டிச் சுண்ணாம்பு போட
- டீச்சர்

வல்லாரை போச்சு. பவுசர் நாளைக்கு, சீமெந்து அதற்குப் பிறகு. டீச்சர் மிச்சம். காலையில் மீன்காரன் மோட்டார் சைக்கிளில் போனான். ஒழுங்கை வாசலில் வழக்கமாக அடிக்கும் ஹோர்னும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு நடந்தேன்.

"டீச்சர், மீன் இல்லை. என்ர வல்லாரை. எங்கட கக்கூஸ் குழி உடைஞ்சு பாத்திக்குள்ள வந்திருக்கு."

கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"எப்ப தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"இண்டைக்குச் செவ்வாய்."

கஞ்சிக் கோப்பையை மூடி வைத்தார். எழும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

பவுசர் வந்து போனது. வீடு முழுக்க நாற்றம். சோறு இறங்கவில்லை. இவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

பத்து மணிபோல் மதிலுக்கு அங்கால டீச்சர் குரல். மீன்காரனை ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார். "நான் சொன்னது பிழை தம்பி. மன்னிச்சிக்க. நாளைக்கு வா."

பிறகு பார்த்தேன், எங்கள் கேற் மதிலில் கிண்ணம். பளிச்சென்று கழுவி, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற மருந்து மணத்தோடு. விரலை உள்ளே விட்டுச் சுற்றித் தடவினேன். ஒரு சீனி மணிகூட இல்லை.