தம்பி வண்டியின் துரு

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் கிடையாது, வேளைக்குச் சாப்பிடுகிறோம், வேளைக்குப் படுக்கிறோம், அதற்குப் பெயர் சுகம் என்றால் சுகமாகத்தான் இருக்கிறோம். வெயில் காலத்தில் ஒரு நாள் போனில் முகம் பார்த்துப் பேசும்போது நீ என் கையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பூனை பிறாண்டின மாதிரி இருக்கு?" என்று கேட்டாய், நான் செடி வெட்டினேன் என்றேன். நம் வீட்டில் வெட்டுகிற அளவுக்குச் செடி ஏது? அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவர் எதிரே அந்தப் பேச்சு வேண்டாம் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அது தகரம் கிழித்த காயம். உன் தம்பி பழசாக வாங்கிச் சரிசெய்துகொண்டிருந்தானே, அந்தக் காரை நான்தான் பிரித்துத் துரு எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேலை முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். "அதை வித்துடுங்கம்மா, பாக்கப் பாக்க மனசு கஷ்டப்படும்" என்று நீ சொல்லியிருந்தாய். கஷ்டமாக இருந்திருந்தால் விற்றிருப்பேன். ஒன்றுமே இல்லை சிட்டு. ஷெட்டைத் திறந்து பார்த்தால் ஒரு கார் நின்றது, அவ்வளவுதான். எனக்கு என்ன ஆகிவிட்டது என்று எனக்கே தெரியவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். வேலைக்குப் போன இடத்தில் மாடிப்படியில் உட்கார்ந்த தம்பி எழுந்திருக்கவே இல்லை என்று போன் வந்ததே, அன்றைக்குப் பூட்டிய ஷெட். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றுவிட்டார். மழை முழுக்க முடிந்தபிறகு அவரே ஒரு பழைய இரும்புக்காரரை வரச் சொன்னார், ஆனால் ஆள் வந்ததும் குளிக்கப் போய்விட்டார், நான்தான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த மனிதர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து கதவுக்குக் கீழே கட்டை விரலை வைத்து அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. "இது இரும்பு இல்லம்மா, பிஸ்கட்டு" என்று சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை. ஆனால் "இன்னைக்கு வேணாம், போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அவர் போன பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானும் அதேபோல் குத்திக் குத்திப் பார்த்தேன். சில இடத்தில் பொலபொலவென்று கொட்டியது, சில இடத்தில் டங்கென்று நின்றது. டங்கென்று நின்ற இடங்களுக்கு சாக்பீஸால் வட்டம் போட்டேன். சாயங்காலம் ஆனபோது வட்டம்தான் அதிகமாக இருந்தது.

நெட்டையை உனக்கு நினைவிருக்கும், தம்பியோடு சுற்றிக்கொண்டிருந்த, நம் வீட்டு நிலைப்படியில் தவறாமல் தலையை இடித்துக்கொள்கிற பிள்ளை. ஒரு பட்டறையில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறான், வெல்டிங்கும் தெரியும். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்ஜினை தம்பி முடித்துவிட்டான், பிரேக்கும் பார்த்துவிட்டான் என்று சொல்லிவிட்டு, "பாடி வேலைதாம்மா பாக்கி" என்றான், சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான், முகமெல்லாம் கறுத்துவிட்டது. என்னை அந்த வார்த்தை ஒன்றும் செய்யவில்லை. "பாடி வேலைன்னா என்னப்பா செய்யணும், சொல்லு" என்று கேட்டேன். அவன் கீழே உட்கார்ந்து சொன்னான். கூரை இல்லாத வண்டி என்பதால் கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற பெட்டிதான் அதற்கு முதுகெலும்பு, தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்துக்கொண்டால் அந்தப் பெட்டிக்குள் தேங்கி உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயிண்டில் சின்னக் கொப்புளம் மாதிரித்தான் தெரியும், சுரண்டினால் கை போகும். அந்தப் பெட்டியை நினைத்தபடி வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து கதவு மூடாமல் போய்விடும், அதனால் முதலில் கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே ஒரு கம்பியை ஒட்டி நிறுத்த வேண்டும், பிறகுதான் வெட்ட வேண்டும். எனக்கு இது புரிந்தது. வாரத்தில் ஒரு நாள் அவன் வருவான், மற்ற நாளில் நான்.

அடியில் பூசியிருந்த பழைய தாரை சூடு காட்டிச் சுரண்டினேன். டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டித் துருவைத் தேய்த்தேன், முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான், பயப்படாதே. தலைமுடி, காது, கழுத்து எல்லாம் செம்பழுப்பாகிவிடும், எத்தனை தடவை குளித்தாலும் தலையணை உறையில் கறை. வெட்டி எடுத்த இடத்துக்கு அட்டையில் அளவு எடுத்து வெட்டித் தந்தேன், நெட்டை அதை வைத்துத் தகரம் வெட்டினான். ரெடிமேட் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் துணி வெட்டினவளுக்கு அட்டை வெட்டத் தெரியாதா, தையலுக்கு விடுகிற மாதிரி ஓரமும் விட்டுத்தான் கொடுத்தேன். "அம்மா, நம்ம பட்டறைக்கு வந்துடுங்க" என்றான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தேன். அந்த நாட்களில் அப்படித்தான், எங்கே சிரிக்க வேண்டும் எங்கே தலையாட்ட வேண்டும் என்று யோசித்து யோசித்துச் செய்துகொண்டிருந்தேன். வேலை மட்டும் யோசிக்காமல் வந்தது.

அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரில் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவார், நான் நிறுத்தினால் அவர் குறைப்பார், பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கள் மேல் என்ன எண்ணமோ. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு வந்தால் தட்டு கழுவியிருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஒரு நாள் நான் சமையலறையில் கை கழுவும்போது பின்னால் வந்து நின்று, "செத்தவன் வண்டிக்கு மேக்கப் போட்டு யாருக்குக் காட்டப்போற?" என்று கேட்டார். நான் சோப்புப் போட்டுக்கொண்டே இருந்தேன், அவர் போன பிறகும் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மேல் நீ வருத்தப்படாதே. வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டின மனிதர், எதிரே என்ன வருகிறது என்று பார்த்தே பழகியவர், இப்படி ஒன்று பக்கவாட்டில் வந்து இடிக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

அப்புறம் தீப்பிடித்தது. பதறாதே, எல்லாம் அணைந்துபோன தீ. பெட்ரோல் டாங்கையும் சீட்டையும் முன்னமே கழற்றி வெளியே வைத்துவிட்டோம், ஆனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் பழைய கம்பளி மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது, அதை எடுக்கவில்லை. நெட்டை அந்தப் பக்கம் வெல்டிங் செய்துகொண்டிருந்தான், முகத்தில் மூடி, அவனுக்குத் தெரியவில்லை. நான் இந்தப் பக்கம் வாளித் தண்ணீரோடு அதற்காகவே நின்றேன். புகை வந்தது, பிறகு மஞ்சளாக நாக்கு எழும்பியது, நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன் சிட்டு. கையில் தண்ணீர் இருந்தது, ஊற்ற வேண்டும் என்றோ கத்த வேண்டும் என்றோ தோன்றவே இல்லை. யார் வீட்டிலோ எரிகிற மாதிரி இருந்தது. அப்பாதான் கருகின வாசனை பிடித்து ஓடி வந்தார், என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி ஊற்றினார், அதிலும் அடங்காமல் புகைந்ததை வெறுங்கையால் பிய்த்து வெளியே எறிந்தார். "டேய், உள்ள என்ன இருக்குன்னு பாக்காம பத்த வைப்பியாடா, பொம்பள பக்கத்துல நிக்கிறா" என்று நெட்டையைப் பார்த்து ஒரு கத்து கத்தினார். ஒரு வருஷமாக அவர் குரல் அந்த உயரத்துக்குப் போனதில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார், அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கம்பளி போன இடத்தில் ஒரு ஒட்டு தெரிந்தது. தம்பி செய்தது. முதன்முதலில் வெல்டிங் பழகியபோது ஓட்டையை அடைத்து, நன்றாக வரவில்லை என்று மேலே கம்பளியைப் போட்டு மூடியிருக்கிறான். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கு, திருட்டுப் பய மூடி வேற வச்சிருக்கான்" என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. நெட்டை மெதுவாக, அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும், இடுக்கு இடுக்காக இருக்கிறது, விட்டால் அங்கிருந்துதான் மறுபடி துரு ஆரம்பிக்கும் என்றான். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதைத் தொடக் கூடாது. எதை வேணா வெட்டுங்க, அதைத் தொடாதீங்க" என்றார். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தோம், உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நெட்டை அவரை பைக்கில் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனான்.

நான் தனியாக நின்று அந்த ஒட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தேன். பழுப்பாக வந்தது. அடியில் ஏற்கெனவே பிடித்துவிட்டது. நான் கட்டரை எடுத்து அதை வெட்டிவிட்டேன். அவர் வரும்வரை காத்திருந்து கேட்டால் விடமாட்டார், விட்டால் இரண்டு மழையில் ஓட்டை விழும். வெட்டும்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அப்பா கட்டுப் போட்ட கையோடு வந்து ஓட்டையைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "எங்க அது?" என்று மட்டும் கேட்டார். நான் பக்கெட்டைக் காட்டினேன், அத்தனை நாள் வெட்டின தகரமெல்லாம் அதில்தான் கிடந்தது. அவர் அதைத் தரையில் கொட்டி, நல்ல கையால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கட்டி கட்டியாக ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து, "இதுதான்" என்றார். அது தம்பியுடையது இல்லை சிட்டு. ஒரு நாள் நெட்டையிடம் மெஷினை வாங்கி நான் பழகிப் பார்த்தது, எனக்கும் கோழி எச்சம்தான் வந்தது. தம்பியுடையது வெட்டும்போதே இரண்டாகப் பிளந்துவிட்டது, அவர் அதைப் பார்த்தார், தள்ளிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் துண்டைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, முகம் மழிக்கிற கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். மிச்சத் தகரத்தை அடுத்த வாரம் அதே பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துப்போனார், தம்பியுடையதும் அதில் போனது. நான் தடுக்கவில்லை. உன் அம்மா கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள், ஆனால் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அதற்குப் பிறகு அவர் தினமும் ஷெட்டுக்கு வந்தார். துருவைக் கறுப்பாக்குகிற மருந்து தடவினோம், பிரைமர், ஓரங்களுக்குப் பசை, பிறகு நெட்டை சிவப்பு அடித்தான். கடைசியாக, உள்ளிருந்து மறுபடி துரு பிடிக்காமல் இருக்க மெழுகு. வெந்நீரில் டப்பாவை வைத்துச் சூடாக்கி, நீளக் குழாயைக் கதவுக்குக் கீழே ஓடுகிற அந்தப் பெட்டிக்குள் விட்டு அடிக்க வேண்டும், உள்ளே இண்டு இடுக்கெல்லாம் படிந்து அடி ஓட்டை வழியே சொட்டினால்தான் நிறைந்தது என்று அர்த்தம். நான் அடிப்பேன், அப்பா தரையில் படுத்து விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். "வருதா?" என்பேன். "வரல" என்பார். "இப்ப?" என்பேன். "வந்துடுச்சு, அடுத்ததுக்குப் போ" என்பார். அடைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு ஓட்டையையும் தீக்குச்சியால் குத்தி விட்டார். ஒரு வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்ட பேச்சு அதுதான் அதிகம்.

போன வாரம் ஓட்டிப் பார்த்தோம். பஸ்ஸில் மாடி வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்து ஓட்டியவர், இதில் தரையோடு தரையாகக் கால் நீட்டிக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறார், பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கரம்தான் எங்கள் முகத்துக்கு நேரே. ஸ்டார்ட் ஆனதும் கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி கிளப்பாமலே இருந்தார், நான் என்ன நினைத்தேனோ "போலாம் ரைட்" என்றேன், உடனே கியர் போட்டுவிட்டார், பழக்கம். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர், "சூப்பரா இருக்கே சார், யாரு வண்டி?" என்று கேட்டார். அப்பா, "பையனோடது. வெளியூர் போயிருக்கான், வந்ததும் குடுக்கணும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். பச்சை விழுந்தது, கிளம்பிவிட்டோம். நான் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்த பிறகு எங்களால் எழுந்திருக்க முடியவில்லை. சீட் அவ்வளவு பள்ளம், அவருக்கு முட்டி மடங்கவில்லை, எனக்கு இடுப்பு வரவில்லை. நான் கதவைப் பிடித்து எழுந்தேன், தொப்பென்று விழுந்தேன். அவர் என்னைத் தூக்கப் பார்த்தார், அவரும் விழுந்தார். "நெட்டைக்குப் போன் போடு, கிரேன் எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். சிரித்தோம் சிட்டு, யோசிக்காமலே வந்த சிரிப்பு. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அன்றைக்கு மருத்துவமனையில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் கால் மரத்துப்போய் எழுந்து நின்றால் சுருக் சுருக்கென்று குத்துமே, நெஞ்சுக்குள் அப்படி ஏதோ லேசாகக் குத்தியது. அது நல்லதா கெட்டதா தெரியவில்லை, உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

விற்பதா வேண்டாமா என்று இன்னும் பேசவில்லை, நீ வந்த பிறகு பேசலாம். உனக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று எழுது, மாப்பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா. அந்த வண்டியில் இரண்டு பேர்தான் உட்கார முடியும், அப்பாவோடு நீ ஒரு சுற்று போய்விட்டு வா, நான் வாசலில் நிற்கிறேன். அது தெருவில் போவதை நான் இன்னும் ஒரு தடவைகூட வெளியே நின்று பார்க்கவில்லை.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையில்லாத மனத்தோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம். நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குவது எதுவானாலும் வேலைக்கு நடுவே என்று பார்க்காமல் டாக்டரிடம் போ, மாப்பிள்ளையையும் ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்ளச் சொல். போன் பேசும்போது அப்பாவிடம் கை ஆறிவிட்டதா என்று கேள், முகம் மழிக்கிற கண்ணாடிப் பக்கம் பேச்சை விடாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா