ஈறு நிறத்து ரப்பர் மீன்கள்

மார்ச் 1, ஞாயிறு

என் வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால் இன்று எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

என் பையன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண்ணின் வீட்டில் மதியச் சாப்பாடு. அம்மாவும் பெண்ணும் மட்டும்தான். அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறார். நல்ல உயரம், அகலமான தோள், அளந்து பேசும் வாய். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாகப் பல்செட் செய்து செய்து, யார் வாயைத் திறந்தாலும் எனக்கு முகம் தெரிவதில்லை, பல்தான் தெரிகிறது. ரொட்டியைக் கடிக்கும்போது அவருடைய மேல்செட் லேசாகத் தூக்கி, டக்கென்று உட்கார்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, அதைச் செய்தவன் மேல்.

"மேல்செட் தூக்குதே உங்களுக்கு. யாருங்க செஞ்சா? இப்படியா அரைவேக்காடா செய்வாங்க?"

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. அது பல்செட் என்று என் வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் அதுவரை தெரியவே தெரியாதாம்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 2, திங்கள்

பையன் என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரர் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் என் பல்செட் பட்டறைக்கே வந்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் வேலை, சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள். முதல் நாளிலிருந்தே என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் அம்மா என்னை இதுவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"அம்மா சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல, அத்தை. கேட்டா எழுந்து போயிடறாங்க. அவங்க மனசார சரின்னு சொல்லாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். அதையும் உங்க பையன்கிட்ட சொல்லிட்டேன்."

மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நான் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றேன்.

"ஐயோ, வீட்டுக்கு வந்து பல்லைப் பத்திப் பேசிடாதீங்க. புதன்கிழமை அவங்களுக்கு லீவு. ஆத்து முகத்துல நாக்குமீன் பிடிக்கப் போவாங்க. நீங்களும் போங்களேன். தண்ணியப் பாத்தா கொஞ்சம் பேசுவாங்க."

"புழுவைத் தொடச் சொன்னா எனக்கு வாந்தி வரும்மா."

"அவங்களும் தொட மாட்டாங்க. தூண்டில்ல மாட்டறது எல்லாம் ரப்பர் மீன்தான்."

மார்ச் 11, புதன்

போனேன். என்னையும் ஒரு மனுஷியாக மதித்து, தன்னுடைய இரண்டாவது தூண்டிலை என் கையில் கொடுத்தார் டிரைவரம்மா (இந்தக் குறிப்பேட்டில் அவருக்கு இதுதான் பெயர்). அதோடு சரி. பேச்சு கிடையாது.

ஆறு கடலில் சேரும் இடம். கருங்கல் கொட்டிய கரை, எதிரே மணல் திட்டு. தண்ணீர் வடிகிற நேரமாகப் பார்த்துத்தான் வருகிறார். வடியும்போது குஞ்சு மீன்கள் எல்லாம் ஆற்றிலிருந்து கடல் பக்கம் இழுபட்டு வருமாம். தட்டையான நாக்குமீன் மணலுக்குள் பாதி புதைந்து, இரண்டு கண்ணையும் மேலே வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் எது போகிறது என்று பார்த்தபடி படுத்திருக்குமாம். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். எங்கள் தெருமுனை வீட்டம்மா ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. பார், நான்கூட சொல்லாமல் இருந்திருக்கிறேன்!

அவருடைய பெட்டியைத் திறந்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விரல் நீள ரப்பர் மீன்கள், அறை அறையாக: வெள்ளை, தவிட்டு நிறம், கிளிப்பச்சை, ரோஸ். சிலதுக்குத் துடுப்பு மாதிரி வால், சிலதுக்குச் சுருள் வால். எதை எடுப்பது என்று விழித்தேன். அவர் தண்ணீரைக் காட்டினார், கிளிப்பச்சையைக் காட்டினார். கலங்கல் தண்ணீருக்குப் பளிச்சென்று, தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை. அவ்வளவுதான் பாடம்.

தூண்டில் முள்ளுக்குத் தலையிலேயே ஈயக்குண்டு வார்த்திருக்கிறது. அந்த முள்ளில் ரப்பர் மீனைக் கோர்க்க வேண்டும். இதென்ன பிரமாதம் என்று குத்தித் தள்ளினேன். கழன்ற காலுறை மாதிரி சுருண்டு நின்றது. அப்படியே வீசினேன். தண்ணீருக்குள் ராட்டினம் சுற்றி, இழுத்துப் பார்த்தால் தூண்டில் நரம்பு முழுக்க முறுக்கு. டிரைவரம்மா உட்கார்ந்து சிக்கெடுத்தார். கை வாய்ப் பக்கம் போகவில்லை, சிக்கெடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததே.

அவருக்கு மூன்று மீன். எனக்கு ஒரு செருப்பு.

மார்ச் 12, வியாழன்

தோள்பட்டை கழன்றுவிட்டது. அடுத்த புதனும் வரலாமா என்று கேட்டு அனுப்பினேன். "ம்" என்று பதில்.

மார்ச் 18, புதன்

இந்த முறை கோர்ப்பதை நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமல் என்ன, பல் வரிசையை மெழுகில் நேராக நிறுத்துகிற கைதானே. முதலில் முள்ளை ரப்பர் மீனின் பக்கத்தில் வைத்து, வளைவு எங்கே வருகிறதோ அங்கே முதுகில் நகத்தால் ஒரு அடையாளம். பிறகு மூக்கின் நட்டநடுவில் குத்தி, வயிற்றுக்குள்ளேயே நேராக ஓட்டி, அடையாளத்தில் வெளியே எடுக்க வேண்டும். உடம்பு துளியும் கோணக் கூடாது. மேலிருந்து ஒரு முறை, பக்கத்திலிருந்து ஒரு முறை ஒற்றைக்கண்ணால் பார்த்தேன். டிரைவரம்மா வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் தூண்டிலிலேயே மாட்டிக்கொண்டார். விருது வாங்கின மாதிரி இருந்தது எனக்கு.

ஈயத்துக்கும் கணக்கு இருக்கிறது. லேசாக இருந்தால் மீனின் தலைக்கு மேலே எங்கோ மிதந்து போய்விடும். கனமாக இருந்தால் மணலில் ஆணி அடித்தது போல் நின்றுவிடும். தரையை உரசி, கொஞ்சம் புழுதி கிளப்பிக்கொண்டு நகர வேண்டும்.

இத்தனையும் செய்தும் ஒன்றும் சிக்கவில்லை. நான்கு தடவை கொத்தியது, நான்கு தடவையும் வெடுக்கென்று இழுத்தேன், நான்கு தடவையும் வாலில்லாத ரப்பர்தான் வந்தது. அப்போதுதான் டிரைவரம்மா வாயைத் திறந்தார், கையை மறைப்பாக வைத்துக்கொண்டு.

"கொத்தினதும் இழுக்கக் கூடாது. முதல்ல வாலைக் கவ்விட்டுச் சும்மா படுத்திருக்கும். தலைப்பக்கம் மெல்ல வரணும். அப்பதான் இழுக்கணும்."

எவ்வளவு நீளப் பேச்சு! எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் சமயம் என்று பட்டது.

"அப்புறம், பிள்ளைங்க விஷயமா என்ன நினைக்கிறீங்க?"

அவர் குனிந்து ரப்பர் மீனை மாற்ற ஆரம்பித்தார். நன்றாக இருந்த ரப்பர் மீனை.

மார்ச் 19, வியாழன்

பையனிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, அவங்க சொன்னது மீனுக்கு மட்டும்னா நினைச்சே? ஏம்மா வெடுக்குனு இழுக்கறே?"

இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இது அவன் தேடிக்கொண்ட வம்பு இல்லை, நான் இழுத்துவிட்டது. வலிக்கிறது. நான் ஏன் இப்படி இருக்கிறேன்? எங்கே யார் வாயைத் திறந்தாலும் உள்ளே கை விடத்தான் வேண்டுமா?

மார்ச் 22, ஞாயிறு

மனசு சரியில்லாதபோது கைக்கு வேலை கொடுக்க வேண்டும். வால் அறுந்த ரப்பர் மீன்களைக் குப்பையில் போடாமல் டப்பாவில் சேர்த்து எடுத்து வந்திருந்தேன். நல்லதாக ஒன்றை வைத்துப் பல் அச்சுக்கான பிளாஸ்டரில் அச்சு எடுத்தேன். பழைய ரப்பரை உருக்கி ஊற்றினேன். ஜன்னல் எல்லாம் திறந்தும் நாற்றம் மேல்மாடிவரை போய்விட்டது. வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"சம்பந்தம் பேசறியா, சூனியம் வைக்கிறியா?"

எல்லா நிறமும் கலந்து சேறு மாதிரி வந்தது. பட்டறையில் இருந்த சாயப்பொடியைக் கொஞ்சம் போட்டதும் அழகான ரோஸ் ஆகிவிட்டது. வால்களை இன்னும் மெல்லியதாகச் சீவினேன். பன்னிரண்டு மீன்கள், ஒன்றைப் போல் ஒன்று. வரிசையாக டப்பாவில் அடுக்கினேன். நானே மயங்கிப்போனேன்.

மார்ச் 25, புதன்

டப்பாவை டிரைவரம்மா கையில் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்தார். வெளிச்சத்தில் அந்த ரோஸைப் பார்த்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. பல்செட்டின் ஈறுக்குப் போடும் சாயப்பொடி அது! பட்டறையில் வேறு சாயம் ஏது? யாருடைய பல்செட்டைப் பற்றிச் சபையில் உளறினேனோ, அவருக்கே ஈறு நிறத்தில் பன்னிரண்டு மீன் செய்து, அழகாக அடுக்கி, கையில் கொடுத்திருக்கிறேன். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"இது... நான் வேணும்னு செய்யலைங்க. சத்தியமா. கைல இருந்த சாயம் அது ஒண்ணுதான்."

அவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். சிரிப்பு! அப்படி ஒரு சிரிப்பு அந்த உடம்புக்குள் எங்கே இருந்ததோ. இரண்டு கையிலும் டப்பா, வாயை மூட வழியில்லை, மேல்செட் கழன்று பாறை மேல் விழப் போனது. விழவில்லை. விழுகிற பல்செட்டைப் பிடித்துப் பழகிய கை எனக்கு. செருப்பை விட்டால், அதுவரை அந்த ஆற்றில் நான் பிடித்த ஒரே பிடி அதுதான்.

குடிதண்ணீரில் கழுவிக் கொடுத்துவிட்டு, ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சிரிச்சா விழுந்துடும். அதான் நான் சிரிக்கறதில்ல. பஸ்ல பிரேக் போட்டாக்கூட தூக்குது."

நான் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நீங்க சொன்னதுல கோபம் இல்ல. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். எல்லார் முன்னாடியும் கேட்டதும் வெக்கமாப் போச்சு. இந்த வீட்டுல சம்பந்தம் பண்ணா ஆயுசு முழுக்க இவங்க என் வாயையே பாத்துட்டு இருப்பாங்களேன்னு..."

"தப்பு என்னுதுதாங்க. பழக்க தோஷம். நான் பல்செட் செஞ்சு கொடுக்கற பல் டாக்டர் அளவு எடுக்கட்டும், புதுசா நானே செஞ்சு தர்றேன். அசையாது."

எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது: என்ன சொல்றீங்க, எப்ப வர்றீங்க, பிள்ளைங்க விஷயம்? எல்லாவற்றையும் விழுங்கினேன். விழுங்குவது எவ்வளவு கஷ்டமான வேலை. அவர் ஈறு நிற மீன் ஒன்றை எடுத்து நேராகக் கோர்த்தார், வீசினார், மெல்ல மெல்ல நரம்பைச் சுற்றினார். நானும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிஞ்சிடும்," என்றார் கடைசியில். "அப்ப வரலாமா?"

இன்று மற்ற நிறம் எதையும் தொடாத நாக்குமீன்கள் அந்த ரோஸுக்கு வந்து விழுந்தன. ஐந்து. எல்லாம் அவருக்குத்தான்.

மார்ச் 28, சனி

டிரைவரம்மா பல் ஆஸ்பத்திரிக்குச் சீருடையிலேயே வந்தார். டாக்டர் அளவு எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஏப்ரல் 3, வெள்ளி

என் வாழ்நாளில் ஒரு மேல்செட்டுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. முன்பல் ஒன்றை மயிரிழை திருப்பி வைத்தேன், அசல் மாதிரி தெரிய. பையன் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேநீர் வைத்துவிட்டுப் போனான். பாவம், இளைத்துவிட்டான்.

ஏப்ரல் 8, புதன்

டிரைவரம்மா புது மேல்செட்டை மாட்டினார். ரொட்டியின் காய்ந்த ஓரத்தைக் கொடுத்தேன். கடித்தார். ஆப்பிள் கொடுத்தேன். கடித்தார். இருமச் சொன்னேன், இருமினார். அசையவில்லை. கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். கல்யாணம் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. பல்செட்டுக்குப் பதிலாகப் பெண்ணைக் கேட்கிறேன் என்று ஆகிவிடக் கூடாது.

வீட்டுக்காரர் கேட்டார், "இன்னும் எத்தனை புதன்?" தெரியாது. போய்க்கொண்டே இருப்பேன். உண்மையைச் சொன்னால், இப்போது மீனுக்காகவும் போகிறேன்.

ஏப்ரல் 15, புதன்

காலையிலேயே தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது. என் முள்ளில் ஈறு நிற மீன், கோணாமல் கோர்த்தது. டிரைவரம்மா இப்போது நிறையப் பேசுகிறார். ஒரு பயணி இறங்கும் இடத்தைத் தூங்கித் தவறவிட்டுவிட்டு, பஸ்ஸைப் பின்னால் ஓட்டச் சொன்ன கதையை நடித்தே காட்டினார். கை வாய்ப் பக்கம் போகவே இல்லை.

கதையின் நடுவில் என் தூண்டில் கம்பு நுனி லேசாகத் தாழ்ந்தது. மணலில் யாரோ நரம்பை மிதித்துக்கொண்டு நிற்பது போல ஒரு கனம். என் கை தானாக மேலே கிளம்பியது.

"இழுக்காதீங்க, சம்பந்தி," என்றார். "இன்னும் கொஞ்சம் பொறுங்க."

நான் இழுக்கவில்லை. பொறுமையால் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறவர் போல. என் கண்ணில் நீர் முட்டி, நரம்பு எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

"ம், இப்ப."

தூக்கினேன். கம்பு வில்லாக வளைந்தது. வலையில் ஏந்தியவர் அவர்தான். ஒரு தட்டு அகலம், பழுப்பு முதுகு, இரண்டு கண்ணும் மேல் பக்கம். என் முதல் மீன்.

வீட்டுக்கு வந்தால் பையன் வாசலிலேயே நிற்கிறான், ஒவ்வொரு புதனும் நிற்கிற மாதிரி. "என்னம்மா சொன்னாங்க?"

மீனைத் தொட்டியில் போட்டேன். கத்தியைத் தேடினேன். கையைத் துடைத்தேன். எவ்வளவு நேரம் முடிந்ததோ அவ்வளவு நேரம் பொறுத்தேன்.

"மொதல்ல இதைக் கழுவுடா," என்றேன். "ரெண்டு பக்கமும் நல்லா மொறுமொறுன்னு பொரிக்கணுமாம், உன் மாமியார் சொல்லி அனுப்பினாங்க."

அவன் சரி என்று குழாயைத் திறந்தான். பாதி மீன் கழுவியபிறகுதான் அவன் கை நின்றது.