ஒரு காலித் தோட்டா குறைகிறது

சுங்கை பட்டாணி மகாராணி லோகேஸ்வரிக்கு, மலேசியாவையே ஒற்றைத் தோளில் சுமக்கும் உன் கணவன் கார்ப்பரல் ஜெயராஜ் கோலாலம்பூர் முகாமிலிருந்து எழுதுவது. நான் நலம். உன் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை மறக்காதே.

நேற்று சுடும் பயிற்சி. பையில் காதடைப்பான், எண்ணெய்த் துணி, மழைக்கோட்டு, தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே உன் முறுக்கு டப்பா. பையைப் பின்னால் வைத்துவிட்டுத்தான் சுட வேண்டும். முறுக்கைப் பிரிய மனமில்லாமல் டப்பாவை மட்டும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன்.

சுட்டு முடித்ததும் துப்பாக்கிகளிலிருந்து தெறித்து விழுந்த காலித் தோட்டாக்களை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. கிடைக்கும்வரை யாருக்கும் விடுப்பில்லை என்றார் சார்ஜன். வெள்ளிக்கிழமை உனக்கு ஆபரேஷன். நாற்பது பேர் மூன்று மணி நேரம் மண்டியிட்டுப் புல்லைத் தடவினோம். நான் பூமியின் மறுபக்கம்வரை தேடிவிட்டேன்.

பக்கத்தில் சுட்ட சிவேந்திரன்தான், "அண்ணே, உங்க டப்பாவையும் கொட்டுங்க லா" என்றான்.

கொட்டினேன். முறுக்குகளுக்கு நடுவே பளபளத்தது.

தண்டனையாக, டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினேன். விடுப்பு பிழைத்தது.

இறுக மூடும் டப்பா ஒன்று வாங்கி வை. வெள்ளி காலை வந்துவிடுவேன். கண்ணில் கட்டுப் போடுமுன் நீ கடைசியாகப் பார்க்கும் முகம் என்னுடையதாக இருக்க வேண்டும். சார்ஜன் கூப்பிடுகிறார்.

ஜெயராஜ்