எனக்குக் கேட்காத தட்டல்

மார்ச் 2, திங்கள்

பல் டாக்டர் தன் பழைய காரைக் கொண்டுவந்து விட்டார். எண்பத்தெட்டு வயது வண்டி. அவருடைய அம்மாவைவிட நான்கு வயது மூத்தது. இருபத்தொன்றாம் தேதி அம்மாவை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். "அடியில ஏதோ சத்தம் வருது. நீங்க கேட்டுச் சொன்னா எனக்கு நிம்மதி" என்றார்.

இந்த வட்டாரத்தில் எனக்குக் காதுக்காரர் என்று பெயர். வண்டி வாசலில் திரும்பும்போதே வியாதியைச் சொல்லிவிடுவேனாம்.

இன்ஜினை ஓடவிட்டார். குனிந்து நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றுமே.

"வால்வத் தள்ளுற டேப்பெட்டோட சத்தம்தான் டாக்டர். சரி பண்ணிக் குடுத்துடறேன்."

எப்படி வந்தது அந்தப் பொய், இவ்வளவு வழவழப்பாக?

மார்ச் 4, புதன்

டேப்பெட்டைச் சரிசெய்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். வழியில் துணிக்கடையில் இறங்கிக்கொள்கிறேன் என்று என் மனைவியும் ஏறினாள். ஏற்றத்தில் மிதித்ததும் என் கையைத் தொட்டாள்.

"என்னங்க, கீழேருந்து யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கே?"

"தையல் மெஷின் மிதிக்கிறவளுக்கு இன்ஜினப் பத்தி என்ன தெரியும்? வாய மூடிட்டு வா!"

பதினெட்டு வருடத்தில் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. கடை வாசலில் இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தேவலை.

வண்டியை டாக்டர் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

பேசவில்லை. அவளும்.

மார்ச் 7, சனி

எப்போது ஆரம்பித்தது? போன மழைக்காலமா, அதற்கும் முன்பா? குக்கர் விசில் கேட்கிறது. குருவி கேட்கிறது. மகள் பேசினால் கேட்கிறது. ஆம்பிளைக் குரல்கள்தான் தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் வருகின்றன. என் குரல் மட்டும் என் மண்டைக்குள் இடிக்கிறது, அதனால் தாழ்த்திப் பேசுகிறேன். "ஏம்ப்பா முணுமுணுக்கிற?" என்று மகள் கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டும். பட்டறை இரைச்சலில் எல்லோரும் கத்திப் பேசுவதால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. இல்லை — தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தேன்.

மாப்பிள்ளையிடம் சொல்லலாமா? என் தங்கை கணவர், பட்டறையில் பாதிக்குப் பாதி கூட்டாளி. டிங்கரிங்கும் பெயின்டும் அவர் பொறுப்பு, இன்ஜின் என் பொறுப்பு. "எங்க மச்சான் காது இருக்கே, அதுக்கே தனி போர்டு மாட்டணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர். அவரிடம் என்னவென்று சொல்வது? செவிடன் கடை என்று போர்டை மாற்றச் சொல்வதா?

அவள் கேட்டது டேப்பெட் இல்லை. கதவைத் தட்டுகிற மாதிரி என்றால் அது ஆழத்திலிருந்து வருவது. ராடு பேரிங். பிஸ்டனையும், அது சுழற்றுகிற கிராங்க் தண்டையும் இணைக்கிற கம்பியின் அடிக்கழுத்து. அது தேய்ந்து, மலையேற்றத்தில் உடைந்தால் ராடு இன்ஜின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கொண்டை ஊசி வளைவில், எண்பத்து நாலு வயது அம்மாவோடு.

மார்ச் 9, திங்கள்

டாக்டர் கிளினிக்கில் இருக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன், திருடன் மாதிரி. ஆயில் பார்க்க வந்தேன் என்றதும் வேலைக்கார அம்மாள் சாவி கொடுத்தாள்.

கொஞ்சம் ஆயிலை உள்ளங்கையில் வடித்து வெயிலில் பிடித்தேன். வெள்ளித் தூள் மினுமினுத்தது. உலோகம் உதிர்கிறது.

இன்ஜினை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை அடிப்பக்கம் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. கை வியர்த்திருந்தது. பிடி வழுக்கிக் காதுக்குப் பின்னால் எலும்பில் முட்டியது.

டொக். டொக். டொக்.

காது வழி வராதது எலும்பு வழி வந்தது. எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு!

எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று பார்க்கப் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்றாவது, இரண்டாவது, தட்டல் மாறவில்லை. மூன்றாவதைக் கழற்றியதும் அடங்கிப்போனது. மாட்டினேன், மறுபடி டொக். சந்தேகமே இல்லை. மூன்றாவது ராடு.

ஜன்னலிலிருந்து டாக்டரின் அம்மா கேட்டார்: "என்ன தம்பி, வண்டி நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

இந்த நாக்கை என்ன செய்வது? நாளைக்கு நேரில் போய் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். போனில் அவர் குரல் எனக்குப் பிடிபடாது. நாளைக்கு. தேதி இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே.

மார்ச் 10, செவ்வாய்

கிளினிக் பூட்டியிருந்தது. அடுத்த வாரம் முழுக்க மலையில் மழை என்று சொன்னார்களாம், பயணத்தை முன்னால் இழுத்துவிட்டாராம். காலை ஆறு மணிக்கே கிளம்பியாயிற்று. மணி அப்போது ஏழரை.

பட்டறைக்கு ஓடினேன். "மாப்பிள்ளை, வண்டிய எடுங்க!" வேறெதுவும் வாயில் வரவில்லை. பெயின்ட் கையோடு எடுத்தார். டாக்டரின் போனுக்கு மணி போனது, எடுக்க ஆளில்லை. ஊர் எல்லை தாண்டிய பிறகு சொன்னேன், எல்லாவற்றையும். ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். ஏதோ சொன்னார், கேட்கவில்லை. "என்ன?" என்றேன். வண்டியை ஓரங்கட்டி, என் முகத்துக்கு நேரே திரும்பி, கத்தினார்:

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன மச்சான் கேடு உங்களுக்கு?"

கண் கலங்கியிருந்தது அவருக்கு. பிறகு மிதித்த மிதியில் நான் கைப்பிடியை விடவேயில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் புகையைத் தேடினேன்.

மலை அடிவாரத்து டீக்கடையில் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. முழுசாக.

"டாக்டர், மேல ஏறாதீங்க. ராடு பேரிங் போயிருக்கு. அன்னைக்கு எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்கறதில்ல, டாக்டர். பொய் சொன்னேன்."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் அம்மா காருக்குள்ளிருந்தே சொன்னார்: "எனக்குக் காலைலேருந்து கேக்குது. இவங்கிட்ட சொன்னா, காதுக்காரரே பாத்துட்டாரும்மாங்கறான். நேத்து நீயும் நல்லா இருக்குன்னே."

டாக்டர் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 11, புதன்

கார் கட்டி இழுத்து வரப்பட்டு எங்கள் ஷெட்டில் நிற்கிறது. "நீங்க தொடாதீங்க. வேற ஆள் பாத்துக்கறேன்" என்று டாக்டர் மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னதில் என்ன தப்பு?

அவளிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் கேட்டேன்ல" என்றாள். அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

மார்ச் 12, வியாழன்

இந்தப் பழைய பேரிங்கை வார்த்து, சுரண்டிப் பொருத்துகிற ஆள் வேறு யாரும் கிடைக்கவில்லையாம். மாப்பிள்ளை போய் டாக்டர் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். திரும்பி வந்து சிரித்தார். "அந்தம்மா ஒரு கண்டிஷன் போட்டுட்டாங்க மச்சான். ரிப்பேர் பாத்தவனும் வண்டில ஏறி வரணுமாம். அப்பதான் அவங்க ஏறுவாங்களாம்."

சிரிப்பு வரவில்லை எனக்கு.

மார்ச் 13, வெள்ளி

அடியில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினேன். மூன்றாவது ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன், ஆடுகிற பல் மாதிரி ஆடியது. மூடியைத் திறந்தால், உள்ளே பூசியிருந்த வெள்ளீயக் கலவை, ஒயிட் மெட்டல், வறண்ட குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. நகக்கண் அளவு ஒரு சில்லு கையோடு வந்துவிட்டது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கியிருக்கும்? பத்து? அது மலையில் எத்தனாவது வளைவு?

கிராங்க்கை நகத்தால் வருடிப் பார்த்தேன். நகம் எங்கும் மாட்டவில்லை. அது ஒன்று பிழைத்தது.

மார்ச் 15, ஞாயிறு

வார்த்தோம். உருக்கி ஊற்றிய மெட்டல் ராடில் ஒட்டவில்லை, ஆறியதும் தோலாக உரிந்துவிட்டது. ராடுக்குப் போதுமான சூடு ஏறவில்லை. முப்பது வருடம் செய்த வேலை. கையும் போய்விட்டதா?

மார்ச் 16, திங்கள்

மறுபடி வார்த்தோம். மாப்பிள்ளை ராடைச் சூடாக்க, நான் ஊற்றினேன். சுத்தியலால் லேசாகத் தட்டி, "கணீர்னு இருக்கு மச்சான், பிடிச்சுக்கிச்சு" என்றார். அந்தக் கணீர் எனக்கும் கேட்டது.

மார்ச் 18, புதன்

லேத்துக்காரர் கடைந்து கொடுத்தார். இரண்டு நாளாகச் சுரண்டுகிறேன். கிராங்க்கில் நீல மை தடவி, ராடை மாட்டி, சுற்றி, கழற்றி, மை ஒட்டிய மேட்டை மட்டும் சீவி, மறுபடி மாட்டி. முதலில் இரண்டே இரண்டு புள்ளி. இன்று பரப்பு முழுக்க நீலம். நிறுத்திவிட்டால் தன் எடையிலேயே மெல்லச் சாய்கிறது ராடு, ஆனால் ஆடவில்லை.

போதுமா? யாரைக் கேட்பது?

மார்ச் 19, வியாழன்

ஓடவிடுகிற நாள். ஆயில் பிரஷர் முள் எழும்வரை மூச்சு விடவில்லை. எழுந்தது, நின்றது. ஸ்க்ரூடிரைவரை எலும்பில் ஊன்றினேன். சீரான உறுமல் மட்டும். ஆனால் என்னை நான் இனி எப்படி நம்புவது?

வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். மூன்றாம் சிலிண்டர் பக்கம் குனிந்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் கேட்டாள். ஆக்ஸிலேட்டரை ஏற்றச் சொன்னாள். இறக்கச் சொன்னாள்.

"தட்டல."

"நிச்சயமா?"

"தட்டலங்க. நெஜமா." பிறகு, "காது டாக்டர்கிட்ட வர்ற வியாழக்கிழமை வரச் சொல்லிருக்காங்க. நானும் வரேன்" என்றாள்.

அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத மட்டும் சத்தமா சொல்லுங்க" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

பின் ஸீட்டில் டாக்டரின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறினேன். டாக்டர் என்னோடு பேசவில்லை. அது இருக்கட்டும், நாளாகும். என்னால் இன்ஜினைக் கேட்க முடியாது, அதனால் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் வளைவில் ஸீட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். நான்காவதில் விட்டார். ஏழாவதிலோ எட்டாவதிலோ தலை சாய்ந்தது.

வீடு வந்துவிட்டது என்று டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் கண் விழித்தார்.