முட்டை போடாத பிஸ்கட்

சத்வா, துபாய்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெனின் அப்பாவுக்கு,

புஷ்பம் எழுதுவது. போனை எடுத்தாலும் "டூட்டி, டூட்டி" என்று வைத்துவிடுகிறீர்கள்; அதனால்தான் காகிதம். டிரெய்லர் ஓட்டும் ஐயப்பன் அண்ணன் சவுதிக்கு, உங்கள் ஜுபைலுக்கே லோடு ஏற்றி வருகிறார். அவரிடம் ஒரு டின் பிஸ்கட்டும் கொடுத்தனுப்புகிறேன்.

நான் சமையல் செய்யும் வீட்டு மேடம் ஆஸ்திரேலியாக்காரி. ஏப்ரல் இருபத்தைந்து, போரில் செத்தவர்களை அவர்கள் நினைக்கிற நாள். அதற்கு இந்த பிஸ்கட்டைச் சுடுவார்கள். ஓட்ஸ், தேங்காய்த் துருவல், வெண்ணெய், பாகு. முட்டை கிடையாது. முதல் உலகப் போர்க்காலத்தில் முட்டைக்குத் தட்டுப்பாடாம். முட்டை இல்லாததால் கப்பலில் மாதக்கணக்கில் போனாலும் கெடாதாம். தூரத்தில் கிடந்த புருஷன்மாருக்குப் பெண்கள் செய்து அனுப்பினார்களாம். மேடம் சொல்லச் சொல்ல எனக்கு உங்கள் ஞாபகம்தான். அனுமதி கேட்டு முப்பது சுட்டேன். முதல் தட்டு கருகிப்போய்விட்டது, சிரிக்காதீர்கள்.

மே இருபத்தைந்து, குளச்சலில் ஜெனினுக்குப் புதுநன்மை. முதல்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். "அப்பா வருவாங்களாம்மா?" என்று என் தங்கச்சியின் போனிலிருந்து பிள்ளை தினமும் கேட்கிறாள். நீங்கள் ஊருக்கு வந்து மூன்று வருஷமாகிறது. எனக்காக வேண்டாம், பிள்ளைக்காகவாவது வாருங்கள்.

உங்கள்
புஷ்பமேரி

*

ஜுபைல்
3 மே 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நலம். ஐயப்பன் டின்னைத் தந்தார். இன்றே திரும்புகிறாராம், அவசரமாக எழுதுகிறேன். பிஸ்கட் பிரமாதம். முட்டையெல்லாம் தாராளமாகப் போட்டு, கேக் மாதிரி மெத்தென்று செய்திருக்கிறாய். ரூமில் எல்லாரும் அடித்துப்பிடித்துத் தின்றார்கள்.

லீவு மட்டும் மாஃபி, கிடையவே கிடையாது. பிளான்டை நிறுத்திப்போட்டு ஷட்டவுன் வேலை, ஒருத்தனையும் விடமாட்டேன் என்கிறான் மேனேஜர். அப்பா கவுன் வாங்கி அனுப்புவார் என்று ஜெனினிடம் சொல். சும்மா சும்மா போன் செய்யாதே, சூப்பர்வைசர் கத்துகிறான்.

செல்வசிங்

*

சத்வா
11 மே 2025

செல்வசிங்குக்கு,

முட்டை கிடையாது என்று எழுதியிருந்தேனே. அது மெத்தென்றும் இருக்காது, கடித்தால் மொறுமொறு என்றிருக்கும். பிஸ்கட்டையும் நீங்கள் தின்னவில்லை, கடிதத்தையும் ஒழுங்காகப் படிக்கவில்லை. உங்கள் காகிதம் வந்த அன்றைக்கு இதை நினைத்துத்தான் அழுதேன். இதற்கே அழுதேன், பைத்தியக்காரி.

நேற்று ஒரு பெண்ணிடமிருந்து போன். டின் வழியில் தொலையக்கூடாதே என்று மூடியில் என் பெயரும் நம்பரும் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அக்கா, நான் சுபிஷா. ஜுபைல் கிளினிக்ல நர்ஸா இருக்கேன். உங்க தம்பி ஒரு டின் பிஸ்கட் தந்தாங்க. எங்க அக்கா செஞ்சு அனுப்புனதுன்னு சொன்னாங்க. எப்படிக்கா செய்யணும்? கல்யாணத்துக்கு அப்புறம் நானே செஞ்சு குடுக்கலாம்லா. ஆகஸ்ட்ல ஊர்க் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும், நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள்.

அக்காவா! பதினோரு வருஷம் முன்னால் அதே போல ஓலை வாசித்துத் தாலி கட்டியவளை அக்கா ஆக்கிவிட்டீர்களே, நாக்கு கூசவில்லையா உங்களுக்கு?

நான் அவளிடம் கோபப்படவில்லை. எத்தனை கப் ஓட்ஸ், பாகை எப்போது ஊற்றுவது, எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டாள். எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்டாள். ஒரு மாதம் என்றேன். பிறகுதான் நான் யாரென்று சொன்னேன்.  "பிள்ளைங்க இருக்கா?" என்றாள். ஒன்று, பத்து வயது என்றேன். போனை வைக்காமலே அழுதாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை, பாவம்.

உங்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இனி ஷட்டவுன் முடிந்தாலும் லீவு கேட்கவேண்டாம். கவுன் இங்கேயே தைக்கக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி நான் ஊருக்குப் போகிறேன். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஜெனினிடம் சொன்னேன். உங்களுக்காக இனி ஒரு பொய் சொல்லமாட்டேன்.

"பரவால்லம்மா, நீ வந்தா போதும்" என்றாள் பிள்ளை.

ஜெனின் அம்மா