மங்கை அக்காவின் வாயில் வேறு யாரோ பேசுகிறாள்

என் மங்கை அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இதை ஃபோனில் சொல்லி உன்னையும் சேர்த்துக் கொதிக்க வைத்திருப்பேன். ஜார்ஜ்டவுன் அருங்காட்சியகத்தில் உன்னை வைத்துவிட்டார்கள். ஆளுயரத் திரையில், பழைய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். தொட்டால் பேசுகிறாய். ஆனால் பேசுவது நீ இல்லை.

'தமிழ்' என்ற இடத்தைத் தொட்டேன். உன் வாய் அசைந்தது, ஒரு கம்ப்யூட்டர் பெண்ணின் குரல் வந்தது. "நான் மின்னணுத் தொழிற்சாலையில் பணிபுரிந்தேன்" என்றாள், செய்தி வாசிப்பதுபோல. நீயா பணிபுரிந்தாய்? மலாய்க்காரர்களைப்போலத் தொழிற்சாலையைக் கிலாங் என்றும் சம்பளத்தைக் காஜி என்றும் சொல்லியே காலத்தை ஓட்டியவள் இல்லையா நீ?

கருவிகளின் மேல் எனக்குக் கோபமில்லை. திரைக்குப் பக்கத்தில் நுண்ணோக்கிபோல ஒன்றை வைத்திருக்கிறார்கள். குனிந்து திருகினால், நீ சிப்பில் ஒட்டிய தங்கக் கம்பி பெரிதாகத் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைகள் அதைவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். விளக்கம் சொல்லாதீர்கள், பார்க்க விடுங்கள் என்று அவர்களிடம் நீ சொன்ன யோசனைதான் அது. அதை இவ்வளவு அழகாகச் செய்தவர்களுக்கு உன் குரல் மட்டும் ஏன் ஆகாமல் போயிற்று?

அதிகாரியைத் தேடிப் போனேன். நம் பெண்தான், மரியாதையாக உட்காரச் சொன்னாள். "ஆண்ட்டி, அவங்க பேச்சுல மலாய் நெறைய கலந்திருக்கு. ஸ்கூல் பிள்ளைங்க கேக்குற எடம், நல்ல தமிழ்ல இருக்கணும்னு கமிட்டில சொல்லிட்டாங்க" என்றாள். உன் அசல் பதிவு பத்திரமாக இருக்கிறதாம். வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு வந்து கேட்கலாமாம். சொந்த அக்காவின் குரலைக் கேட்க விண்ணப்பமா என்று கேட்டேன்.

உடம்பு முடியாத நிலையிலும் ஃபெரி ஏறி வந்து அந்தப் பதிவுக்கு உட்கார்ந்தாயே. மைக்கை மாட்டும்போது அவர்களிடம் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வேல நேரத்துல பேசக்கூடாதுன்னு அத்தன வருஷம் எங்க வாய மூடி வெச்சிருந்தாங்க லா. இப்ப பேசுறேன். என் கொரல்லயே போடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். இன்று மறுபடியும் உன் வாயை மூடிவிட்டார்கள், அக்கா. இந்தத் தடவை மூடியது நம் ஆட்கள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அன்று நீ பேசியதில் கொஞ்சத்தை என் ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன். போன சனிக்கிழமை திரைக்கு எதிரில் நின்று அதைச் சத்தமாகப் போட்டேன். சூப்பர்வைசர் பின்னால் வந்து "ச்சப்பாட், ச்சப்பாட்" என்று மலாயில் அவசரப்படுத்துவதை நடித்துக் காட்டுவாயே, அந்த இடம் வந்தது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. திரும்பினால், உன் வயதில் ஒரு மலாய்க்கார அம்மா, மகளோடு நிற்கிறார். தமிழ் தெரியாதவர். உன் கிலாங்கையும் காஜியையும் பிடித்துக்கொண்டே பாதிக் கதையைப் புரிந்துகொண்டிருக்கிறார். தானும் பிறைத் தொழிற்பேட்டையில் இதே வேலை செய்ததாகவும், கண் கெட்டதும் அதில்தான் என்றும் மலாயில் சொன்னார். மகள் அவரையே பார்த்தாள். அம்மா இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை என்றாள். அந்தக் கம்ப்யூட்டர் பெண் நாள் முழுக்கப் பேசினாலும் இது நடக்குமா?

காவலர் வந்து ஃபோனை நிறுத்தச் சொன்னார். அந்த அம்மா முடியட்டும் என்று கையைக் காட்டினார். காவலர் கேட்கவில்லை, நான் நிறுத்தினேன்.

வருகிற சனிக்கிழமையும் போவேன், அக்கா. உன் குரலை அந்தத் திரையில் போடும்வரைக்கும் போவேன். காவலர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி போடுவேன். நீ பேசி முடிக்கிறவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் பேச்சில் குறுக்கே விழுந்தே வளர்ந்த தங்கை,
செல்வி